சுவீடனில் இருக்கும் பிள்ளை

என் அக்கா ஜெகதீஸ்வரியின் மகன் எங்கே இருக்கிறான் என்று அக்கராயனில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். உங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார்கள். பிறகு, “சுவீடனில இருக்கிறான். பந்தடிக்கிறான்” என்பார்கள். அதற்கு மேல் ஒரு கதையும் வராது. இந்த ஊர்ச் சனம் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. என் கராஜில் நான் ஒரு மோட்டார்சைக்கிளுக்குச் செயின் மாற்றி முடிப்பதற்குள் நாலு குடும்பத்தின் மானத்தைக் கழுவி ஊற்றிவிடும். அக்காவின் மகன் கதை வந்தால் மட்டும் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும்.

நடந்தது இதுதான். அக்காவுக்கு ஒரே பிள்ளை, நிருஷன். கடைசிச் சண்டையில், மாத்தளனில், பதின்மூன்று வயதில் கஞ்சி வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை. கஞ்சி வரிசையில் ஷெல் விழுந்தது. அத்தானும் நானும் ஓடிப்போய்ப் பார்த்தோம். கிடந்தவர்களிலும் அவன் இல்லை, எழும்பி ஓடினவர்களிலும் அவன் இல்லை. பிறகு முகாம் முகாமாகத் தேடினோம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினோம். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் மற்றத் தாய்மாரோடு அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு அக்கா வருடக்கணக்கில் குந்தியிருந்தாள். மே மாதம் முள்ளிவாய்க்காலுக்குப் போவாள். மற்றவர்களின் விளக்குக் காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொடுப்பாள். தான் ஏற்றமாட்டாள். “செத்தவைக்குத்தான் விளக்கு. என்ரை பிள்ளைக்கு ஏன்?” என்பாள்.

இப்படி இருந்தவளுக்கு அந்தச் சுவீடன்காரனைக் கொண்டுவந்து காட்டியவன் வீரகத்தி. சந்தியில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருக்கிறவன். நல்ல மனிசன்தான், ஆனால் போனில் வருவதையெல்லாம் வேதவாக்காக எடுப்பான். உலகத்தில் எந்த மூலையில் ஒரு கறுத்த முகம் வெற்றிக்கிண்ணம் தூக்கினாலும் அது எங்கள் ஆள்தான் என்று போடுவதற்கு முகநூலில் சில பக்கங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றில், ‘சுவீடன் உதைபந்தாட்டக் கழகத்தில் கலக்கும் ஈழத்தமிழன், பெருமையோடு பகிருங்கள்’ என்று எழுதி ஒரு படம் வந்தது. தேங்காய் வாங்கப் போன அக்காவிடம் வீரகத்தி அதைப் பெருமையோடு நீட்டினான்.

அக்கா தேங்காயை மறந்து கடை வாங்கில் குந்திவிட்டாள். படத்தில் நின்ற பெடியன் இரண்டு கைகளையும் இடுப்புக்குப் பின்னால் கட்டியிருந்தான். ஒரு காலுறை வழிந்து கணுக்காலில் கிடந்தது. தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சரித்திருந்தான். எங்கள் நிருஷனும் பள்ளிக்கூட மைதானத்தில் அப்படியேதான் நிற்பான். அவனும் பின்கள வீரன்தான், ஊரில் ‘பக்’ என்போம். அந்த ஒற்றுமையை நானும் பார்த்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

பிறகுதான் நான் ஒழுங்காகத் தேடினேன். போனே மொழிபெயர்த்துத் தருகிற காலம் இது, கராஜ்காரனுக்கும் சுவீடன் மொழி விளங்கும். பெடியனின் பெயர் யொனத்தான் ஹெட்மார்க். கைக்குழந்தையாக இருக்கும்போது இந்தியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டவன். வளர்த்த தகப்பன் பஸ் சாரதி, தாய் பல் டொக்டரிடம் வேலை செய்கிறவள். கடற்கரையோரம் ஒரு சின்னப் பட்டினம், பாதி வருடம் பனி. பதினாறு வயதில் ஒரு பெரிய கழகம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, உயரம் காணாது என்று திருப்பி அனுப்பியது. பகலில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கிக்கொண்டு, பின்னேரத்தில் மூன்றாம் பிரிவில் விளையாடினான். பிறகு ஸ்டெனவிக் என்ற கழகம் அவனை எடுத்தது. அவர்களோடு ஒருமுறை முதலாம் பிரிவுக்கு ஏறி, அடுத்த வருடமே இறங்கினான். நோர்வேக்கு ஒரு வருடம் இரவல் கொடுத்தார்கள். முழங்கால் சவ்வு அறுந்து ஒரு வருடம் படுத்தான். நாட்டு அணியில் ஒருநாளும் இடம் கிடைக்கவில்லை. பக் விளையாடுகிறவனின் பிழைப்பே அப்படித்தான். ஒன்பது பந்தை மறித்தால் ஒருவனும் பார்க்கமாட்டான், பத்தாவதை விட்டால் ஊரே எழும்பி நின்று ஏசும்.

இதையெல்லாம் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்துபோனது.

“தத்தெடுத்தது எண்டு அவையே ஒத்துக்கொள்ளினம் பார்.”

“அக்கா, அது கைக்குழந்தையில. நிருஷன் காணாமல்போகேக்கை பதின்மூண்டு வயசு.”

“வயசை மாத்திப் போடாமல் வெளிநாட்டுக்கு ஆர் போனது? எங்கடை ஊரிலயே எத்தினை பேர் பத்து வயசைக் குறைச்சுப்போட்டுப் போனவை? எல்லாம் தெரிஞ்சுகொண்டு என்னோட கதைக்க வாறாய்.”

அவள் சொன்னது பொய்யில்லை. என் மனைவி சிவரூபியின் தமையன் ஒருத்தன் கனடாவில் என்னைவிட ஏழு வயது இளமையாக இருக்கிறான், பள்ளிக்கூடத்தில் எனக்கு முன்வாங்கில் இருந்தவன்.

அன்றிலிருந்து ஸ்டெனவிக் விளையாடுகிற நாள் அக்கா வீட்டில் திருநாள். எங்கள் பொழுது சாய்கிற நேரம் அவர்களுக்கு மத்தியானம். அக்கா முழுகி, கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, அத்தானை இழுத்துவந்து பக்கத்துக் கதிரையில் இருத்துவாள். பந்து எங்கே போகிறது என்று அவள் பார்ப்பதேயில்லை. ஆறாம் இலக்கச் சட்டை எங்கே நிற்கிறது என்றுதான் பார்ப்பாள். அவனுடைய முழங்காலுக்கு இரண்டாம்தரம் சத்திரசிகிச்சை நடந்தபோது பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்து, போன் திரையில் தெரிந்த முழங்காலுக்குத் திருநீறு பூசினாள். “போன் பழுதாப்போம் அப்பா!” என்று அத்தான் கத்தினார். ஒருமுறை அவன் பிசகித் தன் கோலுக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டான். அக்கா இரண்டு நாள் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. “பிள்ளை அங்க தனிய எப்பிடி அழுதானோ” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் அத்தானிடம் நேரே கேட்டுவிட்டேன். குளத்துத் தண்ணீர் திறந்துவிட்ட நாள், இரண்டு பேரும் வயல் வரம்பில் நின்றோம். அத்தான் கதிர்காமநாதன் அதிகம் கதைக்காத மனிதர். மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்.

“அது எங்கடை பெடியன் இல்லை எண்டு எனக்குத் தெரியும், துரை.”

“தெரிஞ்சுகொண்டே பக்கத்தில இருந்து கை தட்டுறீங்கள்?”

“முந்தி அவள் ஒருநேரம்தான் சாப்பிட்டவள். அதுவும் தண்ணியைக் குடிச்சு விழுங்கிறது. இப்ப பால்கறி வைச்சுச் சாப்பிடுறாள் எல்லோ. நீ ஒண்டும் அவளுக்கு நிரூபிச்சுக் காட்ட வேண்டாம். நான் இல்லாத நாளையில நீ பக்கத்தில இருந்து பார். அவ்வளவுதான் உன்னட்டைக் கேக்கிறன்.”

நான் ஓமென்று தலையாட்டினேன். அவர் இல்லாத நாள் வரும் என்று அன்றைக்கு யார் நினைத்தது?

இந்த ஆவணி மாதம், சிறுபோகம் வெட்டுகிற நேரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை அத்தான் அந்த வரம்பிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. பின்னேரம் மலர்ச்சாலைக்காரர் பிரேதம் பழுதாகாமல் மருந்தடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சவுக்கம் மரத்தடியில் பந்தல் போட்டோம். அக்கா தலைமாட்டில் இருந்தாள். அழுதாள், ஆனால் அலறவில்லை. என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

“மரண அறிவித்தல் அடிக்கக் குடுத்திட்டியே?”

“இப்பத்தான் எழுதுறம், அக்கா.”

“நிருஷன்ரை பேருக்குப் பக்கத்தில சுவீடன் எண்டு போடு. மறந்துபோகாதை.”

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மரண அறிவித்தலில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் பக்கத்தில் அது இருக்கிற நாடு வரும். கனடா, லண்டன், சுவிஸ். செத்தவரின் பெருமையில் பாதி அந்த நாடுகளில்தான் இருக்கும். காணாமல்போன பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் என்ன போடுவது? வீரகத்திதான் எழுதிக்கொண்டிருந்தான். “காணாமல் ஆக்கப்பட்டவர் எண்டு போடட்டே?” என்று அவளையே போய்க் கேட்டுவிட்டான், அறிவுகெட்டவன். “என்ரை பிள்ளை காணாமல் போகேல்லை. நீதானே எனக்குக் காட்டினனி!” என்று அக்கா எழும்பினாள். வீரகத்தியின் முகம் சுருங்கிப்போனது. சுவீடன் என்று எழுதினான். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை முச்சக்கரவண்டியில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அதை வாசித்தார்கள். அன்பு மகன் நிருஷன், சுவீடன். அது யாழ்ப்பாணத்துக்கும் எப்படியோ எட்டிவிட்டது. பின்னேரம் அத்தானின் ஒன்றுவிட்ட தமக்கை வடிவம்மா, உரும்பிராயிலிருந்து வான் பிடித்து வந்து இறங்கினார். வருடக்கணக்காகப் போக்குவரத்து இல்லாத உறவு. ஒப்பாரியோடு வந்தவர் பந்தலுக்குள் நுழைந்ததும் அக்காவைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டு அழுதார்.

“நிருஷன் கிடைச்சிட்டானாம்! கடவுளே, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! சுவீடனில என்ன செய்யிறான்?”

“பந்தடிக்கிறான், மச்சாள். பெரிய கழகம்.”

செத்தவீட்டில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கண்டதில்லை. வடிவம்மா வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். ஊர்ச் சனம் நிலத்தைப் பார்த்தது. ஒருவராவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்வார்கள் என்று நான் பார்த்தேன். அவர்கள் நான் சொல்வேன் என்று பார்த்தார்கள்.

வடிவம்மா தானே முடிவும் எடுத்துவிட்டார். “அப்ப பெடியன் வந்து கொள்ளி வைக்கட்டும். பதினாறு வருசம் காணாத தேப்பன்ரை முகத்தைப் பாக்கவேண்டாமே? வெளிநாட்டுப் பிள்ளைக்காக எங்கடை ஊரில ஆறு நாள் வைச்சிருந்தவை.”

அதுவும் எங்கள் வழக்கம்தான். பிள்ளை விமானத்தில் வந்து இறங்கும்வரை பிரேதம் காத்திருக்கும். வரமுடியாத பிள்ளைக்கு யாராவது ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு கடைசிவரைக்கும் வீடியோவில் காட்டுவார்கள். அக்காவும் பிள்ளை வரும்வரை எடுக்கக்கூடாது என்றுவிட்டாள். அவள் வேறெதையும் புதிதாகக் கேட்கவில்லை. ஊரில் எல்லாத் தாய்மாரும் கேட்பதைத்தான் கேட்டாள்.

ஞாயிறு காலை மலர்ச்சாலைக்காரர் என்னைக் கூப்பிட்டு வேலிக்கரைக்குக் கொண்டுபோனார். “அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இந்த வெக்கைக்கு இண்டைக்குப் பொழுதுபடுறதுக்குள்ள எடுக்கோணும். அதுக்குப் பிறகு நான் பொறுப்பில்லை.” அத்தானின் தம்பி மகன் யதுர்ஷன் கொள்ளி வைப்பதற்கு ஆயத்தமாகத்தான் நின்றான். பறை அடிப்பவர்கள் மரத்தடியில் குந்தியிருந்தார்கள். குருக்கள் மூன்றாம்தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தம்பிக்காரனாம், நான்தான் அக்காவோடு கதைக்கவேண்டுமாம்.

என் போனில் ஒரு படம் இருந்தது. ஹெட்மார்க்கின் எட்டு வயதுப் படம். பனிக்குள் பத்துப் பிள்ளைகள் வரிசையாக நிற்க, நடுவில் பந்தோடு அவன். அவனுடைய கழகம் போட்டது. ஐந்து வருடமாக அதை வைத்திருந்தேன். அத்தானுக்காகக் காட்டாமல் வைத்திருந்தேன். இப்போது அத்தானுக்காகவே காட்டவேண்டி வந்துவிட்டது. அவர் ஊதி நாறிப்போவதை நான் பார்க்கமாட்டேன் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு அக்காவைக் குசினிக்குள் கூட்டிப்போனேன்.

“அக்கா, இதைப் பார். இது அவன்தான். எட்டு வயசு. சுவீடனில. அந்த நேரம் எங்கடை நிருஷன் இஞ்ச இந்த முத்தத்தில விளையாடிக்கொண்டிருந்தவன். நீதானே சோறு தீத்தினனி.”

அக்கா போனை வாங்கினாள். கிட்டப் பிடித்தாள், தூரப் பிடித்தாள். விரலால் அந்தப் பிள்ளையின் முகத்தைத் தடவினாள்.

“குளிருக்குள்ள நிக்குது. தொப்பியும் போட்டுவிடேல்லை,” என்றாள்.

“அக்கா!”

“நீ கத்தாதை. எனக்குக் கண் தெரியும்.” போனை என் கையில் திருப்பித் தந்தாள். “சரி, தம்பி. இவன் இல்லை எண்டு சொல்லுறாய். நான் கேக்கிறன். அப்ப அவன் எங்க?”

நான் போன் திரையைச் சட்டையில் துடைத்தேன்.

“சொல்லு. நீயும் உன்ரை அத்தானும்தானே அண்டைக்கு ஓடிப்போய்ப் பாத்தனீங்கள். என்ரை பிள்ளை எங்க எண்டு நீ இப்ப சொல்லு, நான் இந்த நிமிசமே எடுக்கச் சொல்லுறன்.”

வாழ்நாளில் நான் வாயில்லாமல் நின்ற ஆள் இல்லை. கேட்டால் ஊரில் சொல்வார்கள். அன்றைக்கு அந்தக் குசினிக்குள், அடுப்பும் மூட்டாமல் கிடந்த அந்த இடத்தில், ஐம்பத்திரண்டு வயது மனிதன் சின்னப் பிள்ளைபோல அழுதேன். அக்கா தன் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். புருசனைச் சாகக் கொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

“இண்டைக்கு நாலரைக்கு மட்ச் இருக்கு. அதைப் பாப்பம். பிள்ளை விளையாட இறங்கினால், வரேல்லை எண்டு அர்த்தம். உடன எடுங்கோ. இறங்காட்டில், பிளேனில வாறான். பிறகு ஒருத்தரும் பிரேதத்தில கை வைக்கக்கூடாது.”

வெளியே போய் இதை நான் அந்தச் சனத்துக்கு எப்படிச் சொல்வது? சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. குருக்கள் மட்டும், “சரி, நாலரை தானே” என்று கதிரையில் சாய்ந்தார்.

நாலரைக்கு அத்தானின் தலைமாட்டில் அக்கா மடியில் என் போன் இருந்தது. ஒரு பக்கம் வடிவம்மா, மறுபக்கம் நான். அத்தானுடைய இடம் அது. சாம்பிராணிப் புகைக்குள்ளால் திரையில் பச்சைத் தரை தெரிந்தது. சிக்னல் விட்டு விட்டு வந்தது. வீரர்கள் வரிசையாக வந்தார்கள். அக்கா ஒவ்வொரு முதுகாகப் பார்த்தாள். ஆறாம் இலக்கம் இல்லை.

“இல்லை!” என்று அக்கா எழும்பினாள். “பாத்தியே? இல்லை! வாறான்!”

வடிவம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “வாறான் மச்சாள், வாறான்” என்று அழுதார்.

திரையின் அடியில் சின்ன எழுத்தில் அவன் பெயர் ஓடியதை நான் பார்த்துவிட்டேன். “அக்கா, இரு. அவன் அங்கதான் நிக்கிறான். மாத்துக்கு இறக்கிற ஆக்களில அவன்ரை பேர் இருக்கு.”

“பேர் ஆரும் எழுதலாம். ஆளைக் காட்டு,” என்றாள்.

கோவிலடியில் இருந்த வருடங்களில் பெயர் எழுதிக்கொண்டுபோக எத்தனை பேர் வந்திருப்பார்கள்!

முதல் பாதி முழுக்க அவன் வரவில்லை. யதுர்ஷன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். மலர்ச்சாலைக்காரர் வெயிலைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றார். நான் கும்பிடத் தொடங்கினேன். யாரென்றே தெரியாத ஒரு சுவீடன் பயிற்றுநரைக் கும்பிட்டேன். ஐயா, அந்தப் பெடியனை இறக்கு, என் அத்தானை மரியாதையாக அனுப்பவேணும். கும்பிட்டு முடிய முன்னமே அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் பதினாறு வருடத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம். படலையைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினாள், வாகனச் சத்தம் கேட்கிறதா என்று. உடனே மாற்றிக் கும்பிட்டேன். ஐயா, இறக்காதே. இன்னும் கொஞ்ச நேரம் இறக்காதே.

இரண்டாம் பாதியில் வலப்பக்க பக் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கமரா கோட்டடிக்குத் திரும்பியது. அங்கே ஒருவன் மேற்சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஆறாம் இலக்கம். ஒரு காலுறை வழிந்து கிடந்தது. குனிந்து தரையைத் தொட்டு நெற்றியில் வைத்தான். உள்ளே ஓடினான்.

அக்கா அசையவில்லை. வடிவம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இவன்தானே? இவன் அங்க நிண்டால் பிறகெப்பிடி இஞ்ச…” என்று என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டார்.

“வரேல்லை,” என்றாள் அக்கா, தனக்குத்தான் சொல்வதுபோல. “தேப்பன் செத்தும் வரேல்லை.”

அவள் உடைந்துவிடப்போகிறாள் என்று நான் கையை நீட்டினேன். அப்போது அந்தப் பெடியன் பந்தைக் கையால் எறிவதற்காகக் கோட்டடிக்கு வந்தான். கமரா கிட்டப் போனது. அவன் கையில், சட்டைக் கைக்கு மேலே, கறுப்புப் பட்டி கட்டியிருந்தது.

“தம்பி!” அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். “கறுப்புப் பட்டி. பார்! கறுப்புப் பட்டி கட்டியிருக்கிறான்!”

“ஓம், அக்கா.”

“அவனுக்குத் தெரியும். ஐயோ என்ரை பிள்ளைக்குத் தெரியும். அவங்கள் விடேல்லைப் போல. துக்கத்தோட விளையாடுறான், பாவம்.”

அப்போதுதான் அலறினாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அடக்கிவைத்த அழுகை அவ்வளவும் வந்தது. அத்தானின் நெஞ்சில் விழுந்து, “உங்கடை பிள்ளை உங்களுக்குப் பட்டி கட்டிட்டான், எழும்பிப் பாருங்கோவன்” என்று குழறினாள். பெண்கள் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் போனைப் பார்த்தேன். அந்தக் கழகத்தில் யாரோ பழைய ஆள் செத்திருக்கவேண்டும். பதினொரு பேரின் கையிலும் கறுப்புப் பட்டி இருந்தது. அக்கா ஒருவனைத்தான் பார்த்தாள்.

“எடுங்கோ,” என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. “யதுர்ஷன், மோனை, அண்ணைக்குப் பதிலா நீ கொள்ளி வை. அவன் ஒண்டும் நினைக்கமாட்டான்.”

பறை எழும்பியது. வாய்க்கரிசி போட்டு முடிந்ததும் அக்கா போனை எடுத்துத் திரையை அத்தானின் முகத்துக்கு நேரே பிடித்தாள், மற்றத் தாய்மார் வெளிநாட்டுப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல. “அப்பாவை வடிவாப் பார், மோனை” என்றாள். திரையில் பெடியன் யாரையோ துரத்திக்கொண்டு ஓடினான். அவனுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது.

பெண்கள் சுடலைக்கு வருவதில்லை. படலையடியில் அக்கா போனை என் கைக்குள் வைத்து விரல்களை மடித்துவிட்டாள்.

“கடைசிவரைக்கும் காட்டு, தம்பி. இடையில நிப்பாட்டிப்போடாதை.”

சுடலைக்குப் போகிற வழியிலேயே மட்ச் முடிந்துவிட்டது. வென்றார்களா தோற்றார்களா என்றுகூடத் தெரியாது. பிறகு ஏதோ சவர்க்கார விளம்பரம் போனது. விறகு அடுக்கும்போது பற்றரியும் செத்து, திரை கறுத்துப்போனது. யதுர்ஷன் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். நெருப்பு மெல்லப் பிடித்தது. நான் போனைச் சட்டைப் பைக்குள் போடலாம். அக்காவுக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்? ஆனால் கை இறங்கவில்லை. செத்த போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அத்தனை ஆண்களுக்கும் நடுவில் நின்றேன்.

வீரகத்தி என் பக்கத்தில் வந்தான். கறுத்த திரையைப் பார்த்தான். இவன் மட்டும் இப்போது ஏதாவது நக்கலாகச் சொன்னால் இந்த இடத்திலேயே அறைவேன் என்று நினைத்தேன். அவன் என் முழங்கையைப் பிடித்து மெதுவாக இழுத்தான். அவன் கண் இரண்டும் சிவந்திருந்தன.

“இஞ்சாலை வந்து பிடி, துரை. அந்தப் பக்கம் புகை மறைக்குது. பெடியனுக்கு ஒண்டும் தெரியாது.”

நான் நாலடி தள்ளி வந்து, புகை வராத பக்கமாக நின்று, போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

“பாரடா, நிருஷன்,” என்றேன். “கொப்பர் போறார்.”